சேலத்துல ஒரு பங்க் பேண்டு இருந்துச்சாமே? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவின் ரேடியோ செட் கடையை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆம்ப்ளிபயர் வாடகைக்குக் கேட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகளில் பாதிப் பேர், அட்வான்ஸ் கொடுத்த பிறகும் கிளம்பாமல் நிற்பார்கள். "அக்கா, நீங்கதானே அந்தப் பேண்டுல பேஸ் கிட்டார் வாசிச்சது?" என்று மெல்ல ஆரம்பிப்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட உட்கார்ந்தேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. பேண்டின் பெயரையும் மற்ற மூவரின் பெயரையும் எழுதவில்லை. அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

பங்க் பேண்டுன்னா என்னக்கா? பெட்ரோல் பங்குக்கும் இதுக்கும் ஏதாச்சும் சம்பந்தம் இருக்கா?

இல்லை. எங்கள் தெருப் பெரியவர்களும் முதலில் இதைத்தான் கேட்டார்கள். அவர்களுக்கு 'பேண்டு' என்றால் கல்யாண ஊர்வலத்தில் வரும் பேண்டு வாத்தியம். 'பங்க்' என்றால் பெட்ரோல் பங்க், இல்லாவிட்டால் எண்பதுகளில் சலூனில் வைத்துக்கொண்ட பங்க் முடி.

நான் சொல்வது 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய ஒரு ராக் இசை. அந்தக் காலத்து ராக்கில் ஒரு பாட்டு பத்து நிமிடம் ஓடும், கிட்டார் தனி ஆவர்த்தனம் மட்டுமே நாலு நிமிடம் போகும். கருவியும் விலை, கற்றுக்கொள்வதும் விலை. அதற்கு எதிராகச் சின்னப் பையன்களும் பெண்களும் கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு வேகமாக, சத்தமாக, சுருக்கமாக வாசித்தார்கள். ரமோன்ஸ் என்ற நியூயார்க் பேண்டின் முதல் இசைத்தட்டு 1976ல் வந்தது. அதில் 14 பாட்டு. மொத்தமும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

மூணு கார்டு தெரிஞ்சா போதும்னு சொல்றாங்க. அப்ப அது சும்மா கத்துறதுதானே?

மூன்று கார்டு விஷயம் உண்மைதான். கார்டு என்றால் கிட்டாரில் பல கம்பிகளை ஒன்றாக மீட்டும் சுரக்கூட்டு. 1977 வாக்கில் இங்கிலாந்தில் ரசிகர்கள் தாங்களே அச்சிட்ட ஒரு சிறுபத்திரிகையில் மூன்று கார்டுகளுக்கு விரல் எங்கே வைப்பது என்று கையால் படம் போட்டு, இனி பேண்டு ஆரம்பிக்க வேண்டியதுதான் என்று எழுதியிருந்தார்கள். யாருக்கும் கதவைச் சாத்தக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

ஆனால் வாசித்துப் பாருங்கள். ஒன்றரை நிமிடப் பாட்டில் ஒரே கட்டையை நொடிக்கு ஐந்தாறு தடவை பிசகாமல் அடிக்க வேண்டும். முதல் மாதத்தில் என் வலது மணிக்கட்டு வீங்கி, சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டேன். கத்துவதிலும் தாளம் தப்பக் கூடாது. சொல் புரியாவிட்டால் அரசியல் பாட்டு பாடி என்ன பயன்?

அரசியல் எதுக்குக்கா? பாட்டுன்னா பாட்டு மட்டும் இருந்தா ஆகாதா?

பங்க் எல்லாமே அரசியல் என்று சொல்ல மாட்டேன். காதலைப் பாடியவர்களும் உண்டு, வெறுமனே ஆட்டம் போட்டவர்களும் உண்டு. ஆனால் எங்களை இழுத்தவர்கள் மூன்று பேண்டுகள். லண்டனின் தி கிளாஷ் 1978 ஏப்ரல் 30 அன்று விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிரான கூட்டத்தில் வாசித்தது. எஸ்ஸெக்ஸில் ஒரு பண்ணை வீட்டில் கூட்டாக வாழ்ந்த கிராஸ், தன் இசைத்தட்டு உறையிலேயே 'இதற்கு மேல் விலை கொடுக்காதீர்கள்' என்று அச்சிட்டது. சான் பிரான்சிஸ்கோவின் டெட் கென்னடீஸ் பாடகர் ஜெல்லோ பியாஃப்ரா 1979ல் அந்த ஊர் மேயர் தேர்தலிலேயே நின்றார், தோற்றார்.

சேலத்துக்கு இது அந்நியமான பழக்கமா? நீதிக்கட்சி 1944 ஆகஸ்ட்டில் திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இந்த ஊர் மாநாட்டில்தான். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தெருமுனைக் கூட்டங்களுக்கு ரேடியோ செட் கட்டியே எங்கள் தாத்தா குடும்பத்தை நடத்தினார். மேடையில் யார் பேசினாலும் மைக் எங்களுடையது. அந்த வீட்டில் வளர்ந்தவளிடம் பாட்டில் அரசியல் எதற்கு என்று கேட்டால், எனக்குக் கேள்வியே விளங்குவதில்லை.

நாலு பேரும் எப்படிச் சேர்ந்தீங்க?

2017 ஜனவரி. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் உட்கார்ந்தபோது சேலத்திலும் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். அந்த இடத்துக்கு அப்பா காசு வாங்காமல் செட் போட்டார். ஒயர் பார்த்துக்கொள்ள நானும் போனேன். இரவு கோஷம் போட்டுத் தொண்டை கட்டியவர்கள் பாட ஆரம்பித்தார்கள். பாடகன் அங்கே கிடைத்தான். அவன் கொண்டுவந்த கிட்டார்காரன் அவனுக்குப் பள்ளித் தோழன். பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தவன்தான் பிறகு எங்கள் டிரம்மர். அவன் தாளம் போட்டால் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கை தட்டினார்கள். வேறு யார் போட்டாலும் அது சிதறிப் போனது. அன்றே கவனித்தேன்.

அவன் அப்பா பறை அடிப்பவர். சாவு வீடு, கோயில் திருவிழா இரண்டுக்கும் போவார். இது பின்னால் வரும் கேள்விகளுக்குத் தேவைப்படும்.

கிட்டாரை ஆஹூஜா ஆம்ப்ளிபயர்ல மாட்டி வாசிச்சீங்கன்னு சொல்றாங்களே, நெசமாவா?

நெசம். கிட்டார் ஆம்ப் வாங்கக் காசில்லை. கடையில் பழைய ஆஹூஜா ஒன்று இருந்தது, முன்பக்கம் பெயின்ட் உரிந்தது. கோயில் மைக்குக்கென்று இருக்கும் உள்ளீட்டில் கிட்டார் ஜாக்கைச் செருகி, வால்யூமைப் பாதிக்கு மேல் திருகினோம். மைக்கிலிருந்து வரும் சிற்றொலியை எதிர்பார்க்கும் இடத்தில் கிட்டாரின் பெரிய சிக்னல் போய் மோதினால் அது நொறுங்கத்தான் செய்யும். தகரத்தைக் கல்லில் இழுத்த மாதிரி கரகரவென்று வந்தது. அதைக் குழாய் ஸ்பீக்கரில் கொடுத்தோம். குழாயில் அடிக்கட்டையும் வராது, உச்சமும் வராது. நடுவில் இருப்பது மட்டும் ஊரைத் தாண்டிக் கேட்கும். கிட்டார்காரன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சத்தத்தைத்தான் அவன் ஒரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

நீங்களும் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். பேஸ் கிட்டாரைக் குழாயில் கொடுக்காதீர்கள், குழாயின் அடியில் சத்தம் எழுப்பும் யூனிட் போய்விடும். நான் இரண்டு யூனிட் எரித்து, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் 15 அங்குல ஸ்பீக்கர் பாக்ஸுக்கு மாறினேன். இன்றைக்கு என் கடையில் யார் செட் எடுத்தாலும் இதை முதலில் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

பிராக்டிஸ் தறிப் பட்டறையிலயா? அந்தச் சத்தத்துல எப்படி?

அந்தச் சத்தத்தால்தான். கிட்டார்காரனின் பெரியப்பாவுக்குக் கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறிப் பட்டறை. பன்னிரண்டு தறி ஓடும் கொட்டகைக்குப் பின்னால் நூல் மூட்டை போடும் அறையில் வாசித்தோம். சேலத்தில் வேறெங்கே வாசித்திருந்தாலும் அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்திருப்பார். அங்கே நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் நடந்தது. சாதாத் தறி நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் ஊடை அடிக்கும். ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா இந்தப் பக்கம் போய் மோதும், அந்தப் பக்கம் போய் மோதும். பன்னிரண்டு தறியும் ஒன்றாக ஆரம்பித்து மெல்ல விலகி, எப்போதாவது மறுபடி சேரும். டிரம்மர் அந்தச் சேரும் கணத்துக்குக் காத்திருந்து பாட்டைத் தொடங்குவான். எங்கள் வேகம் தறியின் வேகம். மேடையில் தறி இல்லாமல் வாசித்தபோது முதல் சில தடவை தடுமாறினோம்.

ஒலிப்பதிவை அமாவாசையன்று செய்தோம். எங்கள் பகுதியில் அன்று தறிக்கு விடுமுறை.

பொம்பளப் புள்ள ராத்திரி பதினொரு மணிக்கு பேஸ் தூக்கிட்டு வந்தா வீட்ல ஒண்ணும் சொல்லலையா?

அம்மா பேசாமல் இருந்தார், அப்பா "ஒயர சுத்தி வெச்சியா?" என்று கேட்டார். கடைக்கார வீட்டில் ராத்திரி வேலை புதிதல்ல. வெளியில்தான் அதிகம் சொன்னார்கள். இந்தக் கேள்வியை மற்ற மூவரிடம் யாரும் கேட்டதில்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

எங்கெல்லாம் வாசிச்சீங்க? காசு வந்துச்சா?

கல்லூரிக் கலைவிழாவில் இரண்டு தடவை, இரண்டாவது தடவை பாதியில் இறக்கிவிட்டார்கள். தொழிற்சங்கக் கூட்டங்கள், ஒரு நண்பனின் கல்யாண வரவேற்பு, குட்டி யானை வண்டியின் பின்பக்கத்தையே மேடையாக்கித் தெருமுனைகள். டீசல் செலவு வந்தால் பெரிது. பதினொரு பாட்டு வைத்திருந்தோம். ஏற்காட்டில் பாக்சைட் வெட்டிய குழிகளைப் பற்றி ஒன்று, இரும்பாலையை விற்கும் பேச்சைப் பற்றி ஒன்று, கொலுசுப் பட்டறைப் புகையைச் சுவாசிக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒன்று.

எங்களை ஊர் அறிந்தது எட்டுவழிச் சாலையால். 2018 பிப்ரவரியில் அறிவித்தார்கள். சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய், ஐந்து மாவட்டம். கொஞ்ச நாளில் வயல்களுக்குள் அளவுக் கல் நட ஆரம்பித்தார்கள். ஒரு ஊரில் குச்சிக்கிழங்குக் காட்டின் நடுவே கல் நட்டிருந்தது. காட்டுக்காரப் பாட்டி அதைப் பிடுங்கிவந்து வாசலில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். "இது எங்கூட்டுக்கு வந்த கல்லு, உக்காரட்டுமே" என்றார். அந்தப் பாட்டியைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரி எழுதியதுதான் கல் பாட்டு.

அந்தப் பாட்டின் உயிர் அதன் அடி. பாடையைத் தூக்கும்போது டிரம்மரின் அப்பா பறையில் அடிக்கும் அடியை, அவன் காலுக்கும் பெரிய டிரம்முக்கும் பிரித்துப் போட்டான். ஊர்க்காரர்களுக்கு முதல் நாலு அடியிலேயே தெரிந்துவிட்டது, இது நிலத்துக்கு அடிக்கும் சாவு மேளம் என்று. பேச்சு நின்றுபோகும். அதற்குப் பிறகுதான் பாடகன் வாயைத் திறப்பான். ஒரு ஊரில் அந்தப் பாட்டை அடுத்தடுத்து மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

போலீஸ் மிரட்டினதாலதான் பேண்டு உடைஞ்சுதுன்னு கேள்விப்பட்டோம்?

பரவலாக இருக்கும் இந்தக் கதை தவறு. பயம் இருந்தது, அது வேறு. மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்காக மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவன் 2015 அக்டோபரில் திருச்சியில் கைதானார், தேசத்துரோகப் பிரிவில். 2018 ஜூனில் எட்டுவழிச் சாலையை எதிர்த்துப் பேசியவர்களைச் சேலத்திலேயே கைது செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் மைக் பர்மிஷனுக்குப் போய் நிற்கும்போது எனக்கு வயிறு கலங்கும். சில இடத்தில் கிடைக்கவில்லை, வாசிக்கவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியை நாங்கள் மீறியதே இல்லை. செட்டைத் தூக்கிக்கொண்டு போனால் நட்டம் அப்பாவுக்கு.

இதெல்லாம் எங்களை இறுக்கிக் கட்டியது. வெளியிலிருந்து அடி விழுந்தவரை நாலு பேரும் ஒன்றாகத்தான் இருந்தோம்.

அப்ப ஏற்காட்டுல என்னதான் நடந்துச்சு?

2018 டிசம்பர் 31. மலை மேல் ஒரு தங்கும் விடுதியில் புத்தாண்டு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். அதுவரை நாங்கள் எல்லா மேடையிலும் சேர்த்து வாங்காத தொகை. பணக்காரர்களுக்கு வாசிக்கலாமா என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். கடைசியில், வாசிப்போம், ஆனால் கல் பாட்டையும் பாக்சைட் பாட்டையும் வாசிப்போம் என்று முடிவானது. நாலு பேரும் ஒத்துக்கொண்ட முடிவு.

மூன்று பேருக்குத் தெரிந்து ஒருவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. விடுதிக்காரர்கள் "கொஞ்சம் நாட்டுப்புறமா வேணும், பறை கொண்டாந்து ஆடினா விருந்தாளிங்களுக்குப் பிடிக்கும்" என்று கேட்டிருந்தார்கள். பாடகன் சரி என்றிருக்கிறான். டிரம்மரைக் கேட்டால் மறுப்பான் என்று தெரியும். அவன் இல்லாத நேரமாகப் பார்த்துக் கிட்டார்காரன் அவன் வீட்டுக்குப் போய், "அண்ணன் வாங்கிட்டு வரச் சொன்னாருங்கப்பா" என்று அவன் அப்பாவிடம் பறையை வாங்கி வந்துவிட்டான். நல்ல நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள்.

குட்டி யானையில் டிரம், பாக்ஸ், குழாய் எல்லாம் ஏற்றி நான்தான் கயிறு கட்டினேன். பழைய போர்வையில் சுற்றிய பறையை பாக்ஸுக்கும் டிரம்முக்கும் நடுவில் நானே செருகினேன். எதுவும் கேட்கவில்லை. ஏற்காட்டு மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவுகள் தாண்டியதும் கயிறு தளர்ந்து பாக்ஸ் நகர்ந்தது. வண்டியை ஓரம் கட்டினோம். டிரம்மர் இறங்கிப் பின்னால் போனான், போர்வையை நகர்த்தினான். அவன் சத்தம் போடவில்லை. பறையின் விளிம்பைத் தடவிப் பார்த்தான், தோலில் அடி பட்டிருக்கிறதா என்று. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இத தீயில காட்டுறப்ப எங்கப்பாரு செருப்பக் கழட்டிட்டுத்தான் நிப்பாரு" என்றான். பிறகு கீழே நடக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்த பஸ் ஒன்றைக் கை காட்டி ஏறிக்கொண்டான்.

நாங்கள் மூவரும் மேலே போனோம். கீபோர்டில் இருந்த தாளப்பெட்டியை வைத்து ஐந்து பாட்டு வாசித்தோம். கல் பாட்டை வாசிக்கவில்லை, வாசித்திருக்கவும் முடியாது.

டிரம்மர் அண்ணன் கொஞ்சம் ஓவரா எடுத்துக்கிட்டாரோ? ஒரு வாத்தியம்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நல்ல பிள்ளைகள்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுள்ளென்று இருக்கிறது. பறையை மேடையில் பெருமையாக அடிக்கும் கலைஞர்கள் நிறைய இருக்கிறார்கள், அது அவர்கள் எடுத்த முடிவு. எங்கள் டிரம்மர் ஆறாவது படிக்கும்போது பள்ளியில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் "உங்கப்பன மாதிரி அடிடா" என்று பெஞ்சைத் தட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவனும் தட்டியிருக்கிறான், எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இதை எங்கள் மூவருக்கும் அவனே ஒரு ராத்திரி பட்டறையில் சொல்லியிருந்தான். தெரிந்துதான் செய்தோம்.

டிரம் செட்டில் அந்த அடியைக் கொண்டுவந்தது அவன் விருப்பம். பறையை வண்டியில் ஏற்றியது எங்கள் விருப்பம். சாதியை எதிர்த்து இரண்டு பாட்டு வைத்திருந்த பேண்டு, தன் நாலு பேரில் ஒருவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அதில் ஒருத்தி. கயிறு கட்டியவள்.

பறைதான் காரணம்னா, பாட்டுக்குப் பேர் போட்டதுல சண்டைன்னு ஏன் சொல்றாங்க?

அதுவும் உண்மை, அதுதான் பழைய புண். கல் பாட்டை வலையேற்றியபோது 'சொல்' என்ற இடத்தில் பாடகன் பெயர், 'இசை' என்ற இடத்தில் கிட்டார்காரன் பெயர். டிரம்மர் பெயரும் என் பெயரும் கீழே 'வாசித்தவர்கள்' என்று. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, உலகமே அப்படித்தான் போடுகிறது என்று போட்டுவிட்டோம். அந்தப் பாட்டில் கிட்டார் வாசிப்பது இரண்டே கார்டு. முன்பே சொன்னேன், அதன் உயிர் அந்த அடி. டிரம்மர் ஒரே ஒரு தடவை கேட்டான், "எங்கப்பாரு பேரு எங்கயும் வராதா?" என்று. அடுத்த பாட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாடகன் சொன்னான். வயலில் கல் நட்டவர்களைப் பார்த்து "யாரக் கேட்டு நட்டீங்க?" என்று பாடும் பாட்டு அது.

மலைப் பாதையில் நடந்தது, இந்தக் கேள்விக்கு வராத பதிலின் தொடர்ச்சி என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

சட்டப்படி அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம்?

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டில் மூன்று தனித்தனிச் சொத்து இருக்கிறது. சொற்கள் ஒன்று, மெட்டு ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிமை படைத்தவரின் ஆயுள் முழுக்கவும் அதற்கு மேல் 60 வருடமும் நிற்கும். பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்றில்லை, படைத்த உடனே உரிமை வந்துவிடும். இரண்டு பேர் சேர்ந்து, யார் பங்கு எது என்று பிரிக்க முடியாதபடி ஆக்கியிருந்தால் அது கூட்டுப் படைப்பு.

தலைமுறை தலைமுறையாக அடித்துவந்த ஓர் அடிக்கு இந்தச் சட்டத்தில் சொந்தக்காரர் கிடையாது. ஆகவே டிரம்மரின் அப்பாவுக்குச் சட்டம் எதுவும் தராது. தர வேண்டியவர்கள் நாங்கள்.

பெரிய பேண்டுங்க எல்லாம் இப்படியா உடைஞ்சாங்க? கொள்கை வேறுபாடுதானே காரணமா இருக்கும்?

தேடிப் படித்தேன், அந்த ஜனவரி முழுவதும் வேறு வேலை ஓடவில்லை. தி கிளாஷ் 1982ல் ஹெராயின் பழக்கத்தில் விழுந்த டிரம்மர் டாப்பர் ஹெடனை வெளியேற்றியது. 1983ல் பல பாட்டுகளுக்கு இசை போட்ட மிக் ஜோன்ஸையே வெளியேற்றியது. மீதிப் பேர் ஒரு இசைத்தட்டு போட்டார்கள், 1986ல் கதை முடிந்தது. உலக நியாயம் பாடியவர்கள், உள்ளே நாலு பேர் உட்கார்ந்து பேச முடியாமல் போனார்கள். டெட் கென்னடீஸ் 1986ல் பிரிந்தது, அதோடு விடவில்லை. பணப் பங்கு சரியாக வரவில்லை என்று மற்ற மூவர் 1998ல் தங்கள் பாடகர் மேலேயே வழக்குப் போட்டு 2000ல் ஜெயித்தார்கள். கம்பெனிக்காரர்களை எதிர்த்துப் பாடிய பேண்டு அது.

மனசுக்கு நெருக்கமாக இருப்பது கிராஸ். 1984 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு நிதி திரட்ட வேல்ஸில் வாசித்தார்கள். அதுதான் கடைசி மேடை. அப்படி ஒரு கடைசி மேடை எங்களுக்கு வாய்க்கவில்லை.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் வந்ததும் உங்களுக்கு வேலை இல்லாம போச்சு, அதான் நிறுத்திட்டீங்கன்னு ஒருத்தர் சொன்னாரு.

தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். அவர்களின் முதல் மேடை 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். அயோத்திதாசப் பண்டிதரின் சாதியில்லாத தமிழர் என்ற கருத்திலிருந்து பெயர், கானாவும் பறையும் ராக்கும் ஒரே மேடையில், பத்தொன்பது பேர். நாங்கள் நாலு பேரும் ஒரே போனில் அதைப் பார்த்தோம். டிரம்மர் மறுபடி மறுபடி பின்னால் தள்ளிப் பார்த்தான். கல் பாட்டின் அடியை அவன் துணிந்து போட்டது அதற்குப் பிறகுதான்.

நாங்க இப்பதான் ஆரம்பிக்கிறோம். முதல்ல எதப் பேசணும்?

ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பாட்டும் உருவான அன்றே, யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அடி, வரி, கதை சொன்ன பாட்டி, பட்டறை கொடுத்த பெரியப்பா, எல்லாவற்றையும் எழுதுங்கள். காசு வருவதற்கு முன்பே பங்கைப் பேசிவிடுங்கள், வந்த பிறகு பேச வாய் வராது. எந்த மேடையாக இருந்தாலும் நாலு பேரில் ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அடுத்தவர் வீட்டுப் பொருளை அடுத்தவரைக் கேட்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள். செட் வாடகையில் புதுப் பேண்டுகளுக்குக் குறைத்துத் தருகிறேன், நேரில் வாருங்கள்.

மறுபடி சேருவீங்களாக்கா?

2019 ஏப்ரல் 8 அன்று எட்டுவழிச் சாலைக்கு நிலம் எடுத்தது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது, அது பிறகு. அன்றைக்கு ஊர் ஊராக இனிப்புக் கொடுத்தார்கள். குச்சிக்கிழங்குக் காட்டுப் பாட்டியின் ஊரிலிருந்து கடைக்குப் போன் வந்தது, "புள்ளைங்கள வந்து கல்லுப் பாட்டு அடிக்கச் சொல்லும்மா" என்று. செட்டை மட்டும் அனுப்பி வைத்தேன். நாங்கள் நாலு பேரும் பேசிக்கொண்டு அப்போது கிட்டத்தட்ட நூறு நாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு டிரம்மர் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பாவிடம், அந்தப் பறையை வாங்கி வந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று சொன்னேன். "வெயில்ல வந்திருக்க, மோரு குடி" என்றார். டிரம்மர் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பேசினான், வண்டியைப் பற்றி, வேலையைப் பற்றி. இப்போது பண்டிகைக்குப் பண்டிகை பேசுகிறோம். சேருவது பற்றி நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும் உரிமை என்னிடம் இல்லை, அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

சரி, அந்தப் பாட்டுகள எங்க கேக்கலாம்? பேராச்சும் சொல்லுங்க.

வலையிலிருந்து எடுத்துவிட்டோம். நாலு பேரும் ஒத்துக்கொள்ளும்வரை பாட்டையோ பேண்டின் பெயரையோ யாரும் எங்கும் பயன்படுத்துவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இந்தப் பக்கத்தில் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுதான். அமாவாசையன்று பதிவு செய்த பதினொரு பாட்டும் ஒரு பென் டிரைவில், கடைக் கல்லாப்பெட்டியில், யூனிட் பில்களுக்குக் கீழே இருக்கிறது.

கல் பாட்டுக்குப் புதிதாக ஒரு பெயர்ப் பட்டியல் எழுதியிருக்கிறேன். 'அடி' என்ற இடத்தில் டிரம்மரின் அப்பா பெயர் முதலில் வருகிறது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கிட்டார்காரன் போன பொங்கலுக்கு வந்தபோது போட்டான். டிரம்மர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, அப்பா பெயரில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தான், இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பாடகன் ஊரில் இல்லை, தபாலில் அனுப்பியிருக்கிறேன்.